விளையாட்டு வழியே வேற்றுமொழி
(வெள்ளி விழாக் கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

கல்லூரியில் ஜெர்மன் மொழி கற்பிப்பவன் என்னும் முறையில் என்னைப் பேச அழைத்திருக்கிறீர்கள். இன்று பல்கலைக்கழகங்களில் அயல்மொழி பயிலும் மாணவர் பலர் கைப்பேசியில் விளையாடியபடியே பயில்கின்றனர். விடை சரியானால் புள்ளி. நாள் தவறாமல் வந்தால் பாராட்டு. வார இறுதியில் தரவரிசை. இவ்வாறு பாடத்தோடு விளையாட்டைப் பிணைத்த இணையத் தளங்களில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்று, டியோலிங்கோ. குவாத்தமாலாவில் பிறந்த லூயிஸ் வான் ஆன் என்பவரும் செவெரின் ஹாக்கர் என்பவரும் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய முயற்சி இது. 2012இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. மற்றொன்று, கஹூட். நார்வே நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆய்விலிருந்து கிளைத்து 2013இல் வெளிவந்தது. முன்னதில் மாணவர் தனித்திருந்து பயில்கிறார். பின்னதில் வகுப்பு முழுவதும் ஒரே நேரத்தில் விடையளிக்கிறது. வேறுபாடு சிறிதெனத் தோன்றும். சிறிதன்று.

ஜெர்மன் மொழியில் பெயர்ச்சொற்களுக்கு மூன்று பால் உண்டு. மேசை ஆண்பால், ‘டேர் டிஷ்’ என்பர். சிறுமியோ அஃறிணை போல ‘டாஸ் மேட்சென்’! திணையும் பாலும் பொருளை ஒட்டியே அமையும் தமிழில் பழகியவர்க்கு இது வியப்பைத் தரும். இதற்கு மனப்பாடமன்றி வேறு வழி பெரிதாக இல்லை. நினைவு எவ்வளவு விரைவாகத் தேய்கிறது என்பதையும், பயிற்சியை இடைவெளிவிட்டுப் பகிர்ந்து செய்தால் அது நிலைக்கும் என்பதையும் எபிங்காஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் தம்மையே சோதித்து 1885இல் எழுதினார். அந்தச் சலிப்பான வேலையைச் சலிக்காமல் செய்விப்பதில் இத்தளங்கள் வல்லவை, ஐயமில்லை.

அதனினும் பெரிய நன்மை ஒன்று உண்டு. தம் குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்த மாணவருக்கு, வகுப்பில் வாய் திறந்து பிழைபடுவது வெறும் பிழையன்று. பின்வரிசையில் எழும் சிரிப்பு, அவர் பிறந்த தெரு வரைக்கும் சென்று திரும்பும். கைப்பேசி சிரிப்பதில்லை. பத்து முறை தவறினாலும் பதினோராம் முறை கேட்கிறது.

இந்த நன்மையை நானே கெடுத்தேன் என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், ஊக்கமூட்டுவதாக எண்ணி, வாரந்தோறும் புள்ளிப் பட்டியலை வகுப்பறைக் கதவில் ஒட்டினேன். வகுப்பில் நடத்திய விளையாட்டுப் புள்ளிகளையும் அதில் சேர்த்தேன். ஒரு மாணவி தொடர்ந்து கடைசியில் நின்றார். எழுத்துத் தேர்விலோ முன்னணியில் இருந்தவர். அழைத்துக் கேட்டேன். “ஐயா, விடை எனக்குத் தெரியும். என் போனில் அழுத்துவதற்குள் மற்றவர்கள் அழுத்திவிடுகிறார்கள்” என்றார். கஹூட்டின் வழக்கமான கணக்கில் விரைந்து விடையளிப்பவருக்குப் புள்ளி மிகுதி. அவர் வீட்டில் இருந்தது ஒரே பழைய கைப்பேசி; இரவு பத்து மணிவரை அது தம்பியின் கையில். நாள் தவறாமைக்கான பாராட்டு அவருக்கு எங்ஙனம் கிட்டும்? நான் அளந்தது மொழியறிவையன்று, கருவியின் விலையை!

மறுநாளே பட்டியலைக் கிழித்தேன். இப்போது வகுப்பு விளையாட்டில் மூவருக்கு ஒரு கைப்பேசி. கலந்து பேசியே விடை. பெயருக்குப் பதில் புனைபெயர். புள்ளிக்கு மதிப்பெண் கிடையாது. பரிசே நோக்கமானால் பயில்வதன் சுவை குன்றும் என்னும் அச்சமும் எனக்குண்டு. 1973இல் வெளியான ஸ்டான்போர்டு ஆய்வொன்றில், பரிசு தருவதாகச் சொல்லி ஓவியம் வரையச் செய்த குழந்தைகள், பின்னர்த் தாமாக வரைவதில் ஆர்வம் குறைந்து காணப்பட்டனர்.

மற்றொரு குறை. என் மாணவர்கள் ஆங்கில வழிப் பாடத்தையே எடுக்கின்றனர். ‘நான் நோயுற்றிருப்பதால்’ என்பதைச் சொல்ல ஜெர்மன் மொழி வினையைத் தொடரின் கடைசியில் வைக்கும்; தமிழும் அவ்வாறே. ஆங்கிலத்தின் வழியே வருபவர் இதை விதிவிலக்கென அஞ்சுகிறார். ‘உங்கள் பாட்டி பேசும் தமிழிலும் வினை கடைசியில்தானே வருகிறது?’ என்று கேட்டவுடன் அவர் முகம் தெளிவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அதைச் சொல்ல எதிரே ஓர் ஆசிரியர் வேண்டும். உரையாடவும் ஆள் வேண்டும்; பேச்சுத் தேர்வில் எதிரே அமர்பவர் நான்கு விடைகளைக் காட்டி ஒன்றைத் தொடச் சொல்லமாட்டார்.

ஆகவே சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள். மாலை வேளைகளில் ஓர் அறையும், இணைய இணைப்பும், மாணவர் பொதுவில் பயன்படுத்த நான்கைந்து கருவிகளும் ஏற்பாடு செய்யுங்கள். முதல் அரை மணி நேரம் அவரவர் தனியே விளையாடட்டும். அடுத்த அரை மணி நேரம் கருவிகளை மூடிவைத்து இருவர் இருவராகப் பேசட்டும். சனிக்கிழமைகளில் நான் வந்து உடனிருக்க இசைகிறேன்.