முதலில் யாரைப் பார்ப்பது?



அவசர சிகிச்சைப் பிரிவிலே வந்தவர் வரிசைப்படி வைத்தியஞ் செய்வது நீதிபோலத் தோன்றும். ஆனால் உயிர் வரிசை பார்த்துப் பிரிவதில்லை. நெப்போலியனின் படையிற் பணிபுரிந்த சத்திரவைத்தியர் லாரே, பதவியை நோக்காது காயத்தின் கடுமையையே நோக்கினார். இங்கிலாந்தின் மான்செஸ்ரர் நகரில் 1994இல் வைத்தியரும் தாதியரும் கூடி இதற்கு ஒழுங்கு வகுக்கத் தொடங்கினர். சிவப்பு என்றால் உடனே சிகிச்சை. செம்மஞ்சளுக்கு 10 நிமிஷம், மஞ்சளுக்கு 60, பச்சைக்கு 120, நீலத்துக்கு 240 என்பன எல்லைகள்.

நிறங்களை மனனஞ் செய்தல் எளிது. எவருக்கு எந்நிறம் என்று சில நிமிஷங்களில் துணிவதே வாசலில் நிற்கும் தாதியின் கல்வி. வீறிட்டழும் பிள்ளையிலும் துவண்டு கிடக்கும் பிள்ளையே அஞ்சத்தக்கது. “களைப்பாயிருக்கிறது” என்று மட்டும் சொல்லும் நீரிழிவுள்ள மூதாட்டிக்கு, நெஞ்சுநோவின்றியே மாரடைப்பு நேர்ந்திருக்கலாம். அவருக்குப் பச்சை கொடுத்தால், அந்த இரண்டு மணித்தியாலத்துள் உயிரே போய்விடலாம். காத்திருப்போரை மீண்டும் பார்த்து நிறத்தை மாற்றுவதும் தாதியின் கடனே.

ஆகவே தாதிக்கு அன்பு மாத்திரம் போதாது. கூரிய பயிற்சியும் வேண்டும். நமக்குப் பின் வந்தவர் முன்னே அழைக்கப்பட்டால் நாம் கோபியாதிருப்போமாக. நம் நோய் மிகுந்தால் தாமதியாது சொல்வோமாக.