எழும்பூர் நடைமேடையில் ஒரு பையன்



விடிகாலை. எழும்பூர் ரயில் நிலைய நடைமேடையில் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் தனியாக உட்கார்ந்திருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். யாரோ ஒரு பயணி குழந்தைகளுக்கான உதவி எண் 1098-ஐ அழைக்கிறார். வந்து சேரும் சமூகப் பணியாளர் பெயரையோ ஊரையோ கேட்பதில்லை. "சாப்டியா தம்பி?" என்றுதான் தொடங்குகிறார். எடுத்த எடுப்பில் ஊரைக் கேட்டால் பொய்தான் வரும் என்பது அவருக்குத் தெரியும். இரண்டு இட்லி உள்ளே போகட்டும்.

பிறகு ஓட்டம்தான். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் அவனைக் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் அப்படிச் சொல்கிறது. சமூக விசாரணையை 15 நாளில் முடிக்க வேண்டும். வீட்டில் அடியா, கடன் தொல்லையா, பள்ளிக்கூடத்தில் ஏதாவது நடந்ததா? அம்மா சொல்வது ஒன்றாக இருக்கும், பக்கத்து வீட்டுப் பாட்டி சொல்வது வேறாக இருக்கும். இரண்டையும் கேட்டு, கூட்டாமல் குறைக்காமல் எழுத வேண்டும். வீட்டுக்கா, இல்லத்துக்கா என்று முடிவெடுக்கும் குழுவின் கையில் இருப்பது அந்த அறிக்கை. மேடைகளில் 'சேவை' என்று புகழப்படும் இந்த வேலையில் பாதி, பேனா பிடிக்கும் வேலை.

1098 பிறந்ததும் ஒரு சமூகப்பணிக் கல்லூரியில்தான். மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனத்தில் 1996-இல் ஜெரூ பில்லிமோரியா தொடங்கிய முயற்சி அது. அந்த நிறுவனமே 1936-இல் உருவானது. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் 1952-இல் சமூகப்பணிப் பள்ளியைத் தொடங்கினார். எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப்பணி முதுகலை இரண்டாண்டுப் படிப்பு, வகுப்போடு கூடவே மருத்துவமனை, குடிசைப்பகுதி, சிறார் இல்லம் என்று களப்பணியும் உண்டு.

படித்தவர்கள் எல்லாரும் நடைமேடைக்குப் போவதில்லை. 500 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஆலையில் தொழிலாளர் நல அலுவலர் வேண்டும் என்றது 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம். அந்த வாசல் வழியாக மனிதவளத் துறைக்குப் போனவர்கள் ஏராளம். அங்கே சம்பளமும் நிலையானது. தொண்டு நிறுவனத்தில் பல வேளைகளில் திட்டத்தின் நிதி தீர்ந்தால் வேலையும் தீர்ந்தது. இன்னும் சிலர் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர்கள். மூளைச்சாவு என்று மருத்துவர் சொல்லிவிட்டுப் போன பிறகு, அந்தக் குடும்பத்தோடு உட்கார்ந்திருப்பவர்கள் அவர்கள்.

எழும்பூர்ப் பையனுக்கு வருவோம். அவன் வீடு திரும்பிவிட்டான் என்றே இருக்கட்டும். அடுத்த மாதம் பணியாளர் மறுபடி பஸ் ஏறுகிறார்: அவன் பள்ளிக்கூடம் போகிறானா என்று பார்க்க.