குதிக்கால் உயர்ந்த காலம்

பினாங்கு ஜார்ஜ்டவுனின் முன்ட்ரி தெருவில் சுவரோடு பொருத்திய இரும்புக் கம்பிச் சித்திரம் ஒன்று உண்டு. காலணிக் கலைஞர் ஜிம்மி சூ தொழில் பழகிய இடம் என்று அது சொல்கிறது. சுற்றுப்பயணிகள் படம் பிடித்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். 1990களில் இளம்பெண்களின் குதிக்காலை உயர்த்திய மோகத்தில் நம்மூர்க்காரருக்கு மெய்யாகவே எவ்வளவு பங்கு? என் கணிப்பில், அவர் கொடுத்தது உள்ளே மறைந்திருக்கும் வேலைப்பாடு; ஊர் சுற்றியதோ வெளித்தோற்றம் மட்டும்.

சப்பாத்து தைக்கும் குடும்பத்துப் பிள்ளை சூ. முதல் ஜோடியைச் செய்தபோது வயது 11. லண்டன் ஹேக்னியில் இருந்த கார்ட்வெய்னர்ஸ் தொழிற்கல்லூரியில் 1983இல் படிப்பை முடித்து, 1986இல் அதே வட்டாரத்தில், பழைய மருத்துவமனைக் கட்டடம் ஒன்றில் பட்டறை போட்டார். 1988இல் ‘வோக்’ இதழ் அவருடைய காலணிகளுக்கு 8 பக்கம் ஒதுக்கியது. பிறகு இளவரசி டயானாவே வாடிக்கையாளரானார். சூவினுடையது காலை அளவெடுத்துச் செய்யும் தொழில். குதி உயர உயர உடம்பின் பாரம் முன்பாதத்தில் இறங்கும். அதைச் சமாளிக்க, குதிக்கும் முன்பாதத்துக்கும் நடுவே, அடித்தோலுக்குள் வளைந்த எஃகுப் பட்டை ஒன்றை ஒளித்துவைப்பார்கள். அந்த வளைவு பாதத்தின் வளைவோடு ஒட்டவில்லையென்றால், குதி நூலளவு பின்தள்ளி நின்றால், மேலே எத்தனை கல் பதித்தும் பயனில்லை. விருந்து முடிவதற்குள் காலணி கைக்கு வந்துவிடும்.

பெயர்தான் அவருடையது, மோகத்தைக் கிளப்பியவர்கள் வேறு ஆட்கள் என்று சொல்வோர் உண்டு. அதில் பாதி உண்மை. 1996இல் கம்பெனி தொடங்கக் கூட்டுச் சேர்ந்தவர் ‘வோக்’ இதழில் பணியாற்றிய தமரா மெலன். சந்தையின் நாடி பிடித்தவர் அவரே. வடிவங்களில் பெரும்பங்கு சூவின் மனைவி வழி உறவுப்பெண் சாண்ட்ரா சோயுடையது. ‘செக்ஸ் அண்ட் த சிட்டி’ தொலைக்காட்சித் தொடர் அந்தப் பெயரை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. சூ 2001இல் தம் பாதிப் பங்கை 1 கோடி பவுண்டுக்கு விற்றுவிட்டு, அளவெடுத்துச் செய்யும் வேலையோடு நின்றுகொண்டார். ஆனாலும் சோய் கை பழகியது அவருடைய பட்டறையில்தானே! காலமும் தோதாக வாய்த்தது. முரட்டு பூட்ஸ் போட்டு அலுத்த தலைமுறை அது. மாலை உடுப்போ மெல்லிய நாடா வைத்த வெற்றுக் கவுனாகச் சுருங்கியிருந்தது. உடுப்பில் இல்லாத அலங்காரம் காலுக்கு இறங்கியது.

இந்தக் காலணிகளை இளையோர் பெரும் விலை கொடுத்தா வாங்கினார்கள் என்று நீங்கள் கேட்கலாம். பெரும்பாலோர் வாங்கவில்லை. அவர்களுக்குக் கிடைத்தவை நகல்கள், நம்மூர் பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் குவித்து விற்பவையைப் போல. நகல் எடுப்பவன் வாரையும் பளபளப்பையும் படம் பார்த்தே செய்துவிடுவான். எஃகுப் பட்டை படத்தில் தெரியாதே. குதிக்கால் செருப்பின் மீது சுமத்தப்படும் பழியில் ஒரு பங்கு இந்தக் குறைவேலையைச் சேரும். முழுப்பழியும் அல்ல, எத்தனை நேர்த்தியாகச் செய்தாலும் முன்பாதத்துக்கு இறங்கும் பாரம் இறங்கத்தான் செய்யும், அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அடுத்த முறை ஒரு ஜோடியை எடுக்கும்போது விலைச்சீட்டைப் பிறகு பாருங்கள். முதலில் தரையில் வைத்து, நடுப்பகுதியைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். அது தொய்ந்தால் உள்ளே பட்டை இல்லை, அல்லது பேருக்கு ஒன்று இருக்கிறது.