தல திரும்பிருச்சா தாயி?



இராமேஸ்வரம் பக்கம் நிறைமாதத்தை நெருங்கிய பெண் தெருவில் இறங்கி நடந்தால், எதிரே வரும் பெரியம்மா, அப்பத்தா எல்லாருக்கும் கேட்க ஒரு கேள்வி இருக்கும். "தல திரும்பிருச்சா தாயி?" திரும்பிவிட்டது என்றால் கேட்டவர் முகம் மலரும். இல்லை என்றால், தெருமுனை தாண்டுவதற்குள் நாலு வைத்தியம் காதில் விழுந்துவிடும். குனிந்து தரையைத் துடை என்பார் ஒருவர். இடுப்புக்குக் கீழே தலையணை வைத்துப் படு என்பார் இன்னொருவர். பக்கத்து ஊரில் ஒரு கிழவி இருக்கிறாள், எண்ணெய் போட்டு ஒரு நீவு நீவினால் பிள்ளை புரண்டுவிடும் என்பார் மூன்றாமவர். இந்த மூன்றையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

கருப்பையின் உருவம், காம்பு கீழே இருக்கும்படி பிடித்த பேரிக்காய் மாதிரி. மேலே அகலம், கீழே குறுகல். ஏழாம் மாதம் வரை பிள்ளைக்கு உள்ளே இடம் தாராளம், தண்ணீரும் தாராளம். காலையில் தலை மேலே, மாலையில் தலை கீழே என்று புரண்டு கொண்டே இருக்கும். வளர வளர இடம் நெருக்கும். மடக்கிய கால்களும் பிட்டமும் சேர்ந்தால் தலையைவிடப் பெரிய மூட்டை. அதற்கு மேல்பக்க அகலம்தான் வசதி. அதனால் தலை தானாகக் கீழே வந்துவிடும். யாரும் திருப்ப வேண்டியதில்லை.

கணக்கு என்ன சொல்கிறது? வளைகாப்பு நடக்கும் ஏழாம் மாதத்தில், அதாவது 28-ஆவது வாரம் வாக்கில், ஏறக்குறைய நாலில் ஒரு பிள்ளை வயிற்றுக்குள் உட்கார்ந்துதான் இருக்கும். பிரசவத் தேதி வரும்போது அது நூற்றுக்கு மூன்று அல்லது நான்காகக் குறைந்துவிடும். ஆகவே ஏழாம் மாத ஸ்கேன் தாளில் 'பிரீச்', அதாவது உட்கார்ந்த நிலை, என்று எழுதியிருந்தால் அழுது கொண்டே பஸ் ஏற வேண்டாம். அது அன்றைய நிலவரம், அவ்வளவுதான். 36-ஆவது வாரத்திலும் அதே வார்த்தை இருந்தால்தான் யோசிக்க வேண்டும். அதற்குப் பிறகு, தலைப்பிரசவக்காரிகளில் நூற்றுக்கு எட்டுப் பேருக்குத்தான் பிள்ளை தானாகத் திரும்புகிறது.

இந்த 36-ஆவது வாரம் தனுஷ்கோடிக்காரருக்கு இன்னும் முக்கியம். ஏன் என்று சொல்கிறேன்.

ஒரு காலத்தில் தனுஷ்கோடியில் ரயில் நிலையம் இருந்தது, தபால் ஆபீஸ் இருந்தது, ஆஸ்பத்திரியும் இருந்தது. தலைமன்னாருக்குக் கப்பல் போனது. 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு வந்த புயல் எல்லாவற்றையும் கொண்டுபோனது. பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலும் பயணிகளோடு போனது. வாழத் தகுதியற்ற ஊர் என்று அரசு அறிவித்துவிட்டது. ஆனாலும் கடலை நம்பியவர்கள் மணலிலேயே குடிசை போட்டுக் கொண்டார்கள். இராமேஸ்வரம் தீவிலிருந்து அக்கரைக்குப் போக 1988-இல் சாலைப் பாலம் திறக்கும் வரை ரயிலை விட்டால் படகுதான். அதற்குப் பிறகும் தனுஷ்கோடிக்கு வரும் தார்ச்சாலை வழியிலேயே முகுந்தராயர் சத்திரத்தோடு முடிந்துபோகும். அங்கிருந்து மணலிலும் தண்ணீரிலும் வேன் உருட்டிக் கொண்டுதான் வர வேண்டியிருந்தது. இடுப்புவலி வந்த பெண்ணுக்கு அந்த வேனின் ஒவ்வொரு குலுக்கலும் எப்படி இருந்திருக்கும்! தனுஷ்கோடி முனையான அரிச்சல்முனை வரை சாலை வந்தது 2017-இல்தான்.

இன்றைக்குச் சாலை இருக்கிறது, 108 இருக்கிறது, இராமநாதபுரத்தில் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியே வந்துவிட்டது. இருந்தாலும் அரிச்சல்முனையிலிருந்து இராமேஸ்வரம் 20 கிலோமீட்டர். அங்கிருந்து இராமநாதபுரம் இன்னும் 55 கிலோமீட்டர். தலை திரும்பாத பிள்ளை என்பது வலி வந்த பிறகு தெரிய வேண்டிய செய்தி இல்லை.

சரி, இயற்கையாகத் திருப்ப வழி இருக்கிறதா?

முதலில் தோரணைகள். முழங்காலும் மார்பும் தரையில் பட, இடுப்பு மேலே தூக்கி இருக்கும்படி கொஞ்ச நேரம் இருப்பது. மல்லாந்து படுத்து இடுப்புக்குக் கீழே தலையணை கொடுப்பது. இடுப்பு உயர்ந்தால் பிட்டம் இடுப்பெலும்பிலிருந்து விலகும், பிள்ளை புரள இடம் கிடைக்கும் என்பது கணக்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆறு ஆய்வுகளையும் 417 பெண்களையும் சேர்த்துப் பார்த்தபோது, தோரணை செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. செய்வதால் பெரிதாகக் கெடுதல் இல்லை. தலை சுற்றினால், மூச்சு முட்டினால் எழுந்துவிடுங்கள். தனுஷ்கோடிப் பெண்களோ தினமும் மணலில் ஊற்றுத் தோண்டி, மண்டியிட்டுக் குனிந்து, சிரட்டையால் தண்ணீர் கோரியவர்கள். குனிவதால் மட்டுமே பிள்ளை திரும்பும் என்றால் அந்தக் கடற்கரையில் ஒரு பிள்ளைகூடக் கால் மாறிப் பிறந்திருக்கக் கூடாது.

அடிவயிற்றுப் பக்கம் பாட்டு வைப்பது, மேல்வயிற்றில் ஈரத்துணி போடுவது, டார்ச் அடிப்பது. இவையும் புழக்கத்தில் உண்டு. பிள்ளைக்குக் காது கேட்கும் என்பது உண்மை. வளைகாப்பு வளையல் ஓசையும் கேட்கும். ஆனால் பாட்டு வந்த திசைக்குத் தலையைத் திருப்பும் என்பதற்குச் சான்று கிடையாது. பாட்டு பிடித்தால் கேளுங்கள், அம்மாவுக்கு நல்லது.

சீனாவில் ஒரு முறை இருக்கிறது. நம் மாசிபத்திரிக்கு நெருங்கிய உறவான மூலிகையைச் சுருட்டாக உருட்டிப் பற்றவைத்து, கால் சுண்டுவிரல் நகத்தோரம் சூடு காட்டுவார்கள். தொடுவதில்லை, சூடு மட்டும்தான். இதை 1998-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் சோதித்தார்கள். தலைப்பிரசவப் பெண்கள் 260 பேர், எல்லாருக்கும் 33-ஆவது வாரம், எல்லாருக்கும் பிள்ளை உட்கார்ந்த நிலை. சூடு காட்டிய 130 பேரில் 98 பேருக்கு இரண்டு வாரத்தில் தலை கீழே வந்துவிட்டது. சூடு காட்டாத 130 பேரில் 62 பேருக்கு.

அந்த இரண்டாவது எண்ணைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒன்றுமே செய்யாமல் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் திரும்பியிருக்கிறது. அப்படியென்றால் எட்டாம் மாதத்தில் யார் என்ன வைத்தியம் சொன்னாலும் பாதி முறை பலிக்கும். தரையைத் துடைக்கச் சொன்ன அப்பத்தாவுக்கும் பலிக்கும், பாட்டு வைக்கச் சொன்ன தோழிக்கும் பலிக்கும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. பலிக்காத மீதிப் பாதி யாருக்கும் நினைவிருக்காது. மூலிகைச் சூட்டைப் பற்றிப் பின்னால் இத்தாலியில் செய்த ஆய்வு, பெண்கள் தொடர்ந்து செய்ய முடியாமல் பாதியில் நின்றது. அண்மையில் எல்லாவற்றையும் தொகுத்துப் பார்த்தவர்கள், மருத்துவக் கவனிப்போடு சேர்த்துச் செய்தால் ஓரளவு பயன் இருக்கலாம் என்கிறார்கள். அதற்காக வீட்டில் சாம்பிராணிக் கட்டியை எடுத்துக் காலில் சுட்டுக் கொள்ள வேண்டாம், தாயே.

இப்போது அந்த எண்ணெய் நீவல். இங்கே நான் சமரசம் செய்ய மாட்டேன். பிள்ளை ஏன் திரும்பவில்லை என்று நீவுகிற கைக்குத் தெரியாது. நஞ்சுக்கொடி கருப்பை வாயை மறைத்துக் கொண்டிருக்கலாம், தண்ணீர் குறைவாக இருக்கலாம், கருப்பைக்குள் கட்டி இருக்கலாம், கருப்பையே இரண்டாகப் பிரிந்த அமைப்பாக இருக்கலாம். தெரியாமல் அழுத்தினால் நஞ்சு பிய்ந்து இரத்தம் கொட்டலாம். உள்ளே பிள்ளையின் இதயத்துடிப்பு விழுந்தாலும் திண்ணையில் அதைக் கேட்க யாரிடமும் கருவி இல்லை.

ஆனால் கையால் திருப்புவது என்ற யோசனை தவறில்லை. அதைத்தான் டாக்டரும் செய்கிறார். தலைப்பிரசவம் என்றால் 36-ஆவது வாரம், மற்றவர்களுக்கு 37-ஆவது வாரம். முதலில் ஸ்கேன், பிறகு பிள்ளையின் இதயத்துடிப்பு. தேவைப்பட்டால் கருப்பை இறுக்கம் தளர ஓர் ஊசி. அலைக்கும் அலைக்கும் இடைவெளி பார்த்து வள்ளத்தை இறக்குவது மாதிரிதான் அது. வயிறு தளர்ந்த நேரம் பார்த்து, ஒரு கையால் பிட்டத்தை மேலே தூக்கி, மறு கையால் தலையைத் தள்ளி, குட்டிக்கரணம் போட வைப்பார். சில நிமிட வேலை. கத்தி எதுவும் பிள்ளையைத் தொடுவதில்லை. ஏறக்குறைய பாதிப் பேருக்குத் திரும்பிவிடும், ஏற்கெனவே பெற்றவர்களுக்கு வாய்ப்பு இன்னும் கூடுதல். திரும்பியது மறுபடி புரண்டுவிடுவது அபூர்வம். இருநூறில் ஒருவருக்கு உடனே ஆப்பரேஷன் தேவைப்படலாம். அதனால்தான் தியேட்டர் இருக்கிற ஆஸ்பத்திரியில் மட்டும் செய்கிறார்கள். இரட்டைப் பிள்ளை, இரத்தப்போக்கு, நஞ்சு கீழே இருப்பது, பனிக்குடம் உடைந்தது, இவர்களுக்கு இது ஆகாது. நெகட்டிவ் வகை இரத்தம் உள்ளவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், அவர்களுக்கு வேறோர் ஊசி உண்டு. எல்லா ஆஸ்பத்திரியிலும் இதைச் செய்வதில்லை. "வெளியிலிருந்து திருப்பிப் பார்க்க முடியுமா டாக்டர்?" என்று நீங்களே கேளுங்கள். கேட்டால் யாரும் கோபித்துக் கொள்ள மாட்டார்கள்.

திரும்பவே இல்லை என்றால்? 2000-ஆம் ஆண்டில் 26 நாடுகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வு, இப்படிப்பட்ட பிள்ளைக்குத் திட்டமிட்ட சிசேரியன்தான் பாதுகாப்பு என்று சொன்னது. அதோடு உலகம் முழுக்க வழக்கமும் மாறிவிட்டது. காரணம் புரியக் கூடியதுதான். உடம்பு வந்த வழியில், கடைசியாக வரும் தலை சிக்கிக் கொண்டால் காத்திருக்க நேரம் இல்லை.

நேரம் தராத இன்னொன்று தொப்புள்கொடி. கால் முன்னால் இருக்கும் பிள்ளைக்குக் கீழே அடைப்பு இல்லை. பனிக்குடம் உடைந்ததும் கொடி நழுவி வெளியே வந்துவிடலாம். அப்படி வந்தால் அதை இழுக்காதீர்கள், உள்ளே திணிக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, முன்பு சொன்னேனே, முழங்காலும் மார்பும் தரையில், இடுப்பு மேலே, அந்தத் தோரணைக்குப் போய்விடுங்கள். பிள்ளையைத் திருப்ப உதவாத அதே தோரணை, கொடி நசுங்காமல் காக்கும். வண்டி ஏறியதும் இடது பக்கம் ஒருக்களித்து, இடுப்புக்குக் கீழே தலையணை.

கடற்கரைக் குடிசையில் இருப்பவர்கள் 36-ஆவது வாரத்தில் கிராம சுகாதாரச் செவிலியரிடம் வயிற்றைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். தலை எங்கே என்று பெரும்பாலும் கையாலேயே சொல்லிவிடுவார். திரும்பவில்லை என்றால் வலிக்குக் காத்திராமல் இராமேஸ்வரத்திலோ இராமநாதபுரத்திலோ சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விடுங்கள். பிள்ளை பிறந்த பிறகும் ஒரு வேலை பாக்கி. உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாமல் இருக்க வாய்ப்பு அதிகம். ஆறாவது வாரத்தில் இடுப்புக்கு ஒரு ஸ்கேன் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

கால் முன்னே வந்து பிறந்தவர் மிதித்தால் சுளுக்குப் போகும் என்று நம் பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு. இடுப்புப் பிடித்துக் கொண்டால் அப்படிப் பிறந்தவரைத் தேடிக் கூட்டி வந்து முதுகில் ஏறச் சொல்வார்கள். இப்போது அப்படிப்பட்ட பிள்ளைகள் பெரும்பாலும் ஆப்பரேஷன் தியேட்டரில்தான் பிறக்கிறார்கள். டாக்டர் எடுத்த பிள்ளை மிதித்தால் பலிக்குமா என்று என்னிடம் ஓர் அப்பத்தா கேட்டார். முதலில் அதை மிதிக்கிற அளவுக்கு வளர்த்துவிடுங்கள், பிறகு பார்த்துக் கொள்ளலாம் என்றேன்.