புழல் கோட்டையும் இளங்கலை மாணவரின் ஆய்வும்

(விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



வந்தவாசி, போளூர், செஞ்சிப் பகுதிகளின் சிற்றூர்களை விட்டுப் பணியின் பொருட்டுத் திருவள்ளூர் மாவட்டத்திற்கும் கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்திற்கும் வந்து குடியேறிய சமணக் குடும்பங்கள் பல. தந்தை சுழற்சி முறையில் ஆலை வேலைக்குச் செல்கிறார்; மகளோ மகனோ பொன்னேரியிலோ சென்னையிலோ இளங்கலை படிக்கின்றனர். இறுதியாண்டில் 'திட்டக் கட்டுரை' ஒன்று எழுதித் தரவேண்டும் என்று கல்லூரியில் சொன்னவுடன் வீட்டில் கலக்கம் தொடங்குகிறது. எங்கிருந்தோ நாற்பது பக்கம் படியெடுத்துக் கட்டடம் செய்து கொடுத்துவிடுவதே வழக்கமாகிவிட்டது. பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் வெளியிட்ட பாடத்திட்டச் சட்டகம் நான்காண்டு இளங்கலைப் படிப்பின் இறுதியாண்டில் ஆய்வுக்கென்றே இடம் வகுத்திருக்கிறது. மூன்றாண்டோ நான்காண்டோ, இருபது வயது மாணவர் இடைக்காலத் தமிழக வரலாற்றில் எதைத்தான் புதிதாக ஆராய்ந்துவிட முடியும் என்று கேட்போர் உண்டு. இதற்கு விடை தேடி நெடுந்தொலைவு செல்லவேண்டியதில்லை. கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னை செல்லும் நெடுஞ்சாலையிலேயே செங்குன்றத்தை அடுத்துப் புழல் இருக்கிறது.

இன்று புழல் என்றால் ஏரியும் சிறைச்சாலையுமே பலர் நினைவுக்கு வருகின்றன. தொண்டை மண்டலத்தின் இருபத்து நான்கு கோட்டங்களுள் ஒன்றுக்குப் பெயர் தந்த ஊர் அது. பழமையான ஆதிநாதர் கோயிலும் அங்கே உண்டு. இவ்வூரைப் பற்றி இரண்டு கதைகள் வழங்குகின்றன. ஒன்று, காலின் மெக்கன்சி தொகுப்பித்த சுவடிகளில் உள்ளது. இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளராக இருந்து 1821இல் மறைந்த அவர், ஊர் ஊராக உதவியாளர்களை அனுப்பி வரலாறுகளை எழுதி வாங்கினார். அவரிடம் பணியாற்றியவர்களுள் தருமையா என்னும் சமணப் பண்டிதரும் ஒருவர். அச்சுவடிக் கதையின்படி, தொண்டை மண்டலத்தைக் குறும்பர்கள் ஆண்டனர். புழல் அவர்களுடைய தலைமைக் கோட்டை. சமணர் ஒருவர் வந்து அவர்களை அறநெறிப்படுத்தினார். அங்கே ஒரு சமணக் கோயிலும் எழுந்தது. பின்னர்க் குலோத்துங்க சோழனின் மகன் ஆதொண்டன் படையெடுத்து வந்து முதலில் தோற்றான். மீண்டும் போரிட்டுக் குறும்பர்களை அழித்தான். சென்னையில் வடமொழிப் பேராசிரியராக இருந்த குஸ்தவ் ஒப்பெர்ட் 1893இல் வெளியிட்ட நூலில் இக்கதையை விரித்துரைத்தார்.

மற்றொரு கதை திருமுல்லைவாயில் தலபுராணத்தைச் சேர்ந்தது. குறும்பரிடம் தோற்றுத் திரும்பிய தொண்டைமானின் யானைக்கால் முல்லைக்கொடியில் சிக்குகிறது. கொடியை வாளால் வெட்ட, உள்ளிருந்த இலிங்கத்தின்மீது வெட்டுப்படுகிறது. இறையருளால் பின்னர் வெற்றி கிட்டுகிறது. குறும்பர் கோட்டையிலிருந்து கொண்டுவந்தவை என்றே அக்கோயிலின் வெள்ளெருக்கந் தூண்கள் இன்றும் காட்டப்படுகின்றன. ஒரே போர், இரு கோயில்கள், இரு நினைவுகள். முதற்கதையில் நடுநாயகமாக நிற்பது சமணப் பள்ளி. இரண்டாவதில் சமணம் முன்னிற்கவே இல்லை.

இவ்விடத்தில்தான் மாணவருக்கு வேலை இருக்கிறது. முதலாம் குலோத்துங்கன் அரியணை ஏறிய ஆண்டு 1070. பல்லவ அபராசிதனை முதலாம் ஆதித்தன் வென்று தொண்டை மண்டலத்தைச் சோழருக்கு உரியதாக்கியது ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே சோழர் வசமாகிவிட்ட, சயங்கொண்ட சோழமண்டலம் என்று பெயரே மாறிவிட்ட நிலத்தைக் குலோத்துங்கனின் மகன் எதற்காகப் புதிதாக வெல்லவேண்டும்? அதற்கும் முன்னே காஞ்சிப் பல்லவர் பல நூற்றாண்டுகள் ஆண்டிருக்க, குறும்பர் ஆட்சிக்கு எந்தக் காலத்தில் இடம்? கதை பொய் என்று தள்ளிவிடுவது எளிது. எப்போது, யாரால், எந்தத் தேவை கருதி அது அவ்வாறு சொல்லப்பட்டது என்று கேட்பதே ஆய்வு. குறும்பரை வென்று வேளாளரைக் குடியேற்றிய கதை பதினெட்டாம் நூற்றாண்டு நில உரிமைப் பூசல்களில் யாருக்குப் பயன்பட்டிருக்கும் என்றும் ஒரு மாணவர் வினவலாம். இவ்வினாக்களுக்கு முனைவர் பட்டம் தேவையில்லை. இரண்டு பாடங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படிக்கும் பொறுமை போதும்.

இக்கதையைக் கேட்ட சமண இளைஞர்களுக்குச் சினம் எழுவது இயல்பு. 'எல்லாவற்றையும் அழித்துவிட்டார்கள்' என்ற ஒற்றை வரியோடு கட்டுரையைத் தொடங்கிவிடுகிறார்கள். அவ்வாறு தொடங்கும் கட்டுரை, கல்வெட்டுகளின் முன்னே நிற்காது. சோழப் பேரரசின் உச்சத்தில்தான் திருமலையில் இராசராசனின் தமக்கை பெயரால் குந்தவை சினாலயம் விளங்கியது. மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில், சீயகங்கன் வேண்டுகோளால், பவணந்தி முனிவர் நன்னூல் இயற்றினார். விசயநகர அமைச்சரும் சமணருமான இருகப்பர் 1387இல் திருப்பருத்திக்குன்றத்தில் சங்கீத மண்டபம் எழுப்பினார். நமக்கு இழப்பு உண்டு. எது எப்போது எவ்வாறு இழக்கப்பட்டது என்பதைக் கணக்கெடுக்காமல் புலம்பினால், இருந்ததும் சேர்ந்தே மறைந்துபோகும்.

வந்தவாசிப் பகுதி வேடல் கல்வெட்டையும் நினைவுகூரவேண்டும். முதலாம் ஆதித்தன் காலத்தது எனக் கொள்ளப்படும் அதில் கனகவீரக் குரத்தியார் என்னும் பெண் துறவியும் அவருடைய ஐந்நூறு மாணாக்கியரும் குறிக்கப்படுகின்றனர். அவர்களுக்கும் அங்கிருந்த வேறொரு துறவியர் கூட்டத்திற்கும் பிணக்கு நேர, இல்லறத்தார் சிலர் குரத்தியாரையும் மாணாக்கியரையும் காத்து உணவளிக்கும் பொறுப்பை ஏற்றனர். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் ஐந்நூறு பேருக்கு ஆசிரியையாக இருந்தார் என்னும் செய்தி பாடநூல்களில் ஏன் இல்லை என்று ஒரு மாணவி கேட்டால், அவ்வினா ஒன்றே திட்டக் கட்டுரைக்குப் போதும். குரத்தியர், பள்ளி, பள்ளிச்சந்தம் ஆகிய சொற்கள் வரும் கல்வெட்டுகளை ஒரு வட்டத்திற்கு மட்டும் தொகுத்துப் பட்டியலிடலாம். பட்டியல்தானே என்று இகழவேண்டா. நல்ல பட்டியலுக்குப் பிறகுதான் நல்ல கொள்கை. கணினி படிக்கும் பிள்ளைகள் நிலப்படம் வரைந்து தரலாம்.

திருவாலங்காட்டுச் செப்பேடுகளும் இம்மாவட்டத்துக்கே உரியவை. முதலாம் இராசேந்திரன் தன் ஆறாம் ஆட்சியாண்டில் பழையனூரைத் தானமளித்ததைக் கூறும் முப்பத்தொரு ஏடுகள். எல்லைகள் ஊர் ஊராக, வாய்க்கால் வாய்க்காலாக எழுதப்பட்டுள்ளன. அவ்வெல்லையை இன்று நடந்து பார்க்க ஒரு மிதிவண்டியும் கோடை விடுமுறையும் வேண்டும்.

நம் இல்லங்களின் பங்கு சிறிதன்று. 1880இல் சேலம் இராமசாமி முதலியாரின் தூண்டுதலால் சீவக சிந்தாமணியைக் கையில் எடுத்த உ.வே. சாமிநாதையர், சமயச் சொற்கள் விளங்காமல் திகைத்தபோது கும்பகோணத்துச் சமணர் வீடுகளை நாடினார். அவர்கள் தந்த விளக்கமும் சேர்ந்தே 1887இல் அந்நூல் அச்சேறியது. பேரறிஞருக்கு விளங்காதது, நாள்தோறும் நூல் ஓதிய இல்லறத்தாருக்கு விளங்கியது. அவ்வறிவு இன்று பாட்டிமார்களிடம் எஞ்சியிருக்கிறது. சொந்த ஊரில் பூட்டிக் கிடக்கும் வீட்டுப் பரணில் சுவடி இருந்தால் எண்ணெய் பூசித் துடைக்க முற்படவேண்டா. ஏடுகளின் வரிசையைக் கலைக்காமல் படமெடுத்து, இறுதி ஏட்டில் எழுதியவர் பெயரும் ஆண்டும் உள்ளனவா என்று முதலில் பார்க்கவேண்டும்.

மெக்கன்சி தொகுப்பின் ஒரு பகுதி சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது. அது கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டடத்தில் இயங்குகிறது. கும்மிடிப்பூண்டி மின்தொடர் வண்டியில் சென்ட்ரல் வந்து, பூங்கா நகரில் பறக்கும் ரயில் ஏறினால் கோட்டூர்புரம் நிலையத்தில் இறங்கலாம். கல்லூரி முதல்வரின் கடிதமும் பென்சிலும் உடன் எடுத்துச் செல்வது நல்லது.