பழைய கைப்பேசியும் உப்பிய மின்கலமும்



ஓசூர்ச் சாலையில் சில்க் போர்டு சந்திப்பைக் கடந்து தெற்கு நோக்கிச் சிறிது தொலைவு சென்றால் பொம்மனஹள்ளி வந்துவிடும். முன்னர்த் தனி நகராட்சியாக விளங்கி, 2007ஆம் ஆண்டில் பெங்களூர் மாநகரோடு இணைக்கப்பெற்ற பகுதி இது. ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளும் சிறு பட்டறைகளும் நெருங்கிய குடியிருப்புகளும் இங்கே நிறைந்துள்ளன. 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் முதல் மெட்ரோ ரயிலும் இவ்வழியே ஓடுகின்றது. கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம், வேலூர் முதலிய இடங்களிலிருந்து பிழைப்பை நாடி வந்த தமிழ்க் குடும்பங்கள் பல இங்கே குடியேறியுள்ளன. அவ்வீடுகளில் பெரியவர் கையில் ஒரு கைப்பேசி இருக்கும். அலமாரியிலோ குழந்தையின் கையிலோ பழைய கைப்பேசி ஒன்றும் இருக்கும். அந்தப் பழைய கைப்பேசியின் வயிற்றில் காணும் வீக்கத்தைப் பற்றியே இன்று பேச விழைகிறேன்.

இது வானொலியில் பேசுதற்குரிய பொருள்தானா என்று சிலர் எண்ணக்கூடும். நம்மவர் பலர் வாழும் வீட்டை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். ஒரே அறை. அதன் ஒரு மூலையில் சமையல். எரிவாயு உருளையும் அங்கேயே. மற்றொரு மூலையில் துணிமூட்டை. இரவானால் அவ்வறையிலேயே நால்வர் பாய் விரித்து உறங்குவர். சுவரில் உள்ள ஒரே மின்சாரத் துளையில் கைப்பேசியைப் பொருத்தி, தலையணைக்கு அருகில் வைத்துக்கொள்வர். அத்தகைய அறையில் உள்ளங்கையளவு பொருள் ஒன்று தீப்பற்றினாலும் அது சிறு தீ அன்று. ஆதலால் இதனை அறிந்து வைத்திருத்தல் நம் கடமையாகும்.

முதலில் நோயின் அறிகுறிகளைக் காண்போம். கைப்பேசியை மேசைமீது மல்லாத்தி வைத்தால் அது தட்டையாகப் படியாமல் ஆடும். பின்பக்க மூடி ஓரத்தில் சற்றே தூக்கி நிற்கும். சில கருவிகளில் முன்பக்கத் திரை மேலெழும்பி, ஓரத்தில் மயிரிழை போன்ற இடைவெளி தோன்றும். பக்கவாட்டுப் பொத்தான்கள் அழுந்தாமல் இறுகிவிடும். இனிப்புக் கலந்த கடுநெடி வீசுமானால் கலத்தின் உறை கிழிந்திருக்கிறது என்று கொள்ளவேண்டும். இவற்றுள் ஒன்று தென்பட்டாலும் போதும். இன்னொன்றும் தோன்றட்டும் என்று காத்திருத்தல் கூடாது.

இனி, இவ்வீக்கம் ஏன் உண்டாகின்றது? 'பாட்டரி' என்று நாம் வழங்கும் இம்மின்கலத்தின் உள்ளே இரண்டு மெல்லிய தகடுகள் பல மடிப்பாகச் சுருட்டப்பட்டுள்ளன. ஒன்று கரியால் ஆன பூச்சு உடையது. மற்றொன்று கோபால்ட்டு முதலிய உலோகங்களின் ஆக்ஸைடு பூச்சு உடையது. இரண்டும் ஒன்றையொன்று தொடாதபடி நடுவே ஒரு பிளாஸ்டிக் ஏடு உள்ளது. ஒரு மில்லிமீட்டரை ஐம்பது கூறாக்கினால் அதில் ஒரு கூறே அதன் கனம்; அதனினும் மெல்லியதாக இருப்பதும் உண்டு. இவையனைத்தும் எளிதில் தீப்பற்றக்கூடிய ஒரு திரவத்தில் நனைந்து, காற்றுப் புகாத அலுமினிய உறையினுள் அடைபட்டிருக்கும். மின்னேற்றும்போது லித்தியம் அயனிகள் ஒரு தகட்டிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும். பயன்படுத்தும்போது திரும்பி வரும்.

இவ்வமைப்பு ஒருவர் கண்டதன்று. 1970களில் ஸ்டான்லி விட்டிங்ஹாம் அடிகோலினார். 1980இல் ஜான் குடினஃப் கோபால்ட்டு ஆக்ஸைடின் பயனைக் காட்டினார். 1985இல் ஜப்பானியரான அகிரா யோஷினோ கரிப்பொருளைச் சேர்த்து, அபாயம் குறைந்த கலத்தை உருவாக்கினார். 1991இல் சோனி நிறுவனம் அதனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மூவருக்கும் 2019ஆம் ஆண்டில் இரசாயனத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பெற்றது. குடினஃபுக்கு அப்போது வயது 97.

இத்துணை நுட்பமான கலத்துக்கும் மூப்பு உண்டு. நூற்றுக்கணக்கான முறை மின்னேறி மின்னிறங்கிய பின்னர், உள்ளிருக்கும் திரவம் சிறிது சிறிதாகச் சிதைந்து வாயுவாக மாறும். வெப்பம் இச்சிதைவை விரைவுபடுத்தும்; பொருந்தாத மின்னேற்றியும், கீழே விழுந்து பட்ட அடியும் அவ்வாறே செய்யும். கரியமில வாயு, கார்பன் மோனாக்ஸைடு, ஹைட்ரஜன், எதிலீன் முதலியன அதனுள் இருக்கும். உறையோ மூடியது, வெளியேற வழியில்லை. ஆகவே அது உப்புகின்றது. உப்பியபோது உள்ளே தகடுகளின் ஒழுங்கும் குலைகின்றது. நடுவேயுள்ள ஏடு எங்கேனும் கிழிந்தால் இரு தகடுகளும் தொட்டுக்கொள்ளும். தேங்கியிருக்கும் ஆற்றல் முழுவதும் நொடிகளில் வெப்பமாக வெளிப்படும். 4000 மில்லி ஆம்பியர்-மணி அளவுள்ள கலத்தில் நிறைந்திருக்கும் மின்னாற்றல் ஒரு தம்ளர் நீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. எரியும் திரவத்தின் வெப்பம் இதனினும் வேறு.

இவ்வபாயத்தைப் பெரிய நிறுவனங்களும் கண்டிருக்கின்றன. 2007ஆம் ஆண்டு ஆகஸ்டில் நோக்கியா நிறுவனம், மட்சுஷிட்டா தயாரித்த பி.எல்.-5சி என்னும் வகைக் கலங்கள் 4 கோடியே 60 இலட்சம் வரை மின்னேற்றும்போது அளவுமீறிச் சூடாகக்கூடும் என்று அறிவித்து, அவற்றை மாற்றித்தர முன்வந்தது. 2016ஆம் ஆண்டு ஆகஸ்டில் வெளிவந்த சாம்சங் காலக்ஸி நோட் 7 கருவிகள் சில தீப்பற்றியதால், அவ்வாண்டு அக்டோபரிலேயே அதன் உற்பத்தி நிறுத்தப்பட்டது. தகட்டின் மூலை வளைந்திருந்ததும், பற்றவைத்த இடத்தில் கூர்முனைகள் நீண்டிருந்ததுமே காரணம் என்று 2017 ஜனவரியில் தெரிவித்தனர். அவை உற்பத்தியில் நேர்ந்த பிழைகள். நாம் பேசுவதோ மூப்பினால் வரும் கேடு. எனினும் பாடம் ஒன்றே. மயிரளவு பிழையையும் பொறுக்காத பொருளை, உருவமே மாறிய பின்னும் நாம் பயன்படுத்தலாமா?

இனிச் செய்யத்தகாதன யாவை எனக் காண்போம். உப்பிய கலத்தை ஊசியால் குத்தி வாயுவை வெளியேற்ற முயலாதீர்கள், பேரபாயம் அதுவே. மூடியை அழுத்திப் பூட்டுதல், ரப்பர் வளையத்தால் இறுகக் கட்டுதல், கனமான பொருளை மேலே ஏற்றுதல் ஆகியவையும் ஆகா. குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் வீக்கம் வடியும் என்பதும், அரிசிப் பானையில் புதைத்தால் சரியாகும் என்பதும் வீண் நம்பிக்கைகள். "இன்னும் ஒருநாள் ஓடட்டும்" என்று மீண்டும் மின்னேற்றுவது தெரிந்தே தீயுடன் விளையாடுவதாகும்.

செய்யத்தக்கன இவை. மின்னேற்றியில் இருந்தால் முதலில் சுவர் விசையை நிறுத்திப் பின்னர் அதைப் பிரித்துவிடுங்கள். கைப்பேசியை முற்றிலும் அணைத்துவிடுங்கள். எரியாத பரப்பொன்றில், அதாவது சிமெண்டுத் தரையிலோ மண்சட்டியில் பரப்பிய உலர்ந்த மணல்மீதோ வையுங்கள். மூடியிட்டு இறுக அடைத்தல் வேண்டா. வாயுவுக்கு வழி வேண்டும். வெயில், அடுப்பு, எரிவாயு உருளை, படுக்கை, துணி இவற்றினின்று விலகியிருக்கட்டும். குழந்தைகளின் கைக்கு எட்டாதிருத்தல் இன்றியமையாதது.

பின்மூடி கழலும் பழைய வகைக் கருவியானால், கலம் தானாக எளிதில் வரும்போது மட்டும் கையால் எடுத்து, அதன் உலோக முனைகள்மீது ஒட்டுநாடாவை ஒட்டிவைக்கலாம். சிறிது இறுகினாலும் விட்டுவிடவேண்டும். இக்காலக் கருவிகளில் கலம் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். கத்தியாலோ திருப்புளியாலோ அதை நெம்பினால் உறை கிழியும். அது தேர்ந்த தொழிலாளி செய்யவேண்டிய வேலை.

கடைக்கு எடுத்துச் செல்லும்போது சட்டைப் பையிலோ இடுப்பிலோ செருகாதீர்கள். ஸ்கூட்டர் இருக்கையின் அடியிலும் வைக்கலாகாது. மணல் இட்ட தகரடப்பாவில், மூடியை இறுக்காமல், கையில் ஏந்திச் செல்லுங்கள். கடைக்காரரிடம் என்ன சொல்வது என்று மொழிக்காக மலைக்கவும் வேண்டா. நாம் 'உப்பியிருக்கிறது' என்கிறோம்; கன்னடத்தில் 'உப்பிதெ' என்பர். ஒலி சற்றே நெகிழ்ந்தாலும் இரண்டுக்கும் வேர் ஒன்றே. "பேட்டரி உப்பிதெ" என்று சொல்லுங்கள், உடனே விளங்கிக்கொள்வார்.

ஒருகால் புகை வந்துவிட்டால் என்ன செய்வது? அப்புகை நச்சுத்தன்மை உடையது. முதலில் குழந்தைகளையும் முதியோரையும் வெளியேற்றுங்கள். கையில் தூக்கி எறிய முயலாதீர்கள். மின் இணைப்பு நீங்கியிருந்து, தீயும் சிறிதாக இருந்தால், எட்ட நின்று நிறைய நீரை ஊற்றலாம். லித்தியம் நீரோடு வினைபுரியும் என்று பள்ளியில் படித்தோர் இங்கே தயங்கக்கூடும். இவ்வகைக் கலத்தில் லித்தியம் பெரும்பாலும் தனி உலோகமாக இல்லை, சேர்மமாகவே உள்ளது. ஆதலின் நீர் அதனைக் குளிர்விக்கவே செய்யும். அணைந்தது போலத் தோன்றினும் மீண்டும் பற்றக்கூடும், நெருங்காதீர்கள். தீ பெருகினால் வெளியேறிக் கதவைச் சார்த்திவிட்டு 101 அல்லது 112 என்னும் எண்ணை அழையுங்கள்.

இவ்வளவு கேட்ட பின்னும் சிலர் பழைய கைப்பேசியை விடமாட்டார்கள். சிக்கனம் மட்டும் அதற்குக் காரணமன்று. ஊரில் மறைந்த தந்தையின் கடைசிப் படம் அதில் இருக்கும். தாயின் குரல் பதிவாகியிருக்கும். குழந்தை முதல் அடி எடுத்து வைத்த காட்சி இருக்கும். பிறந்த மண்ணை விட்டு வந்தவர்க்கு அச்சிறு பெட்டியே ஊரும் உறவும் ஆகும். மின்கலத்தைக் கழற்றினால் இவையெல்லாம் போய்விடுமே என்று அஞ்சி, உப்பிய கலத்தோடே அதை நாள்தோறும் மின்னேற்றுவோர் உளர். அவர்கட்கு ஒரு நல்ல செய்தி உண்டு. படமும் குரலும் மின்கலத்தில் இல்லை. அவை நினைவகம் என்னும் தனிச் சில்லில் பதிந்துள்ளன. மின்சாரமே இல்லாதபோதும் அழியாமல் தங்கும். கலத்தை மாற்றினால் நினைவு மாறாது. விளக்கில் எண்ணெய் மாற்றுவதால் வீட்டுச் சுவரில் மாட்டிய படம் அழிவதில்லை அன்றோ? புதுக் கலம் பொருத்திய அன்றே அவற்றை வேறோர் இடத்திலும் படியெடுத்து வையுங்கள்.

புதுக் கலம் வாங்கும்போது மலிவொன்றையே நோக்கலாகாது. லித்தியம் கலங்களுக்கு இந்தியத் தரநிலை ஐ.எஸ். 16046 உண்டு, அதன்படி பதிவுபெற்றதற்கான குறி உறையில் இருக்கிறதா என்று பாருங்கள். செய்த தேதியையும் நோக்குங்கள். விற்பனையாகாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்த கலமும் மூப்படைந்ததே.

அடுத்து, கழற்றிய கலத்தை எங்கே சேர்ப்பது? பெங்களூரில் வீட்டுக் குப்பையைப் பிரித்தளிக்கும் முறைக்குக் கர்நாடக உயர் நீதிமன்றம் 2015இல் வடிவம் தந்தது. ஈரக் குப்பைக்குப் பச்சைத் தொட்டி, உடல்நலக் கழிவுக்குச் சிவப்புத் தொட்டி, உலர்ந்த குப்பைக்குப் பை. இம்மூன்றிலும் மின்கலத்துக்கு இடமில்லை. குப்பை வண்டி கழிவை நசுக்கும். நசுங்கிய கலம் வண்டியிலேயே பற்றிக்கொள்ளும். அப்போது தீயின் முன் நிற்பவர் விடியற்காலையில் நம் தெருவைக் கூட்ட வரும் பௌரகார்மிகர். அவர்களுள்ளும் நம்மைப்போல் பிழைப்பைத் தேடி வந்தோர் உளர். நம் வீட்டு அபாயத்தை அவர் கையில் தள்ளிவிடுதல் அறமாகாது.

சட்டமும் இதனையே கூறுகின்றது. 2022ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பயனாளர் பழைய கலத்தைப் பிற குப்பையோடு கலவாமல் சேகரிப்போரிடமோ மறுசுழற்சி செய்வோரிடமோ ஒப்படைக்கவேண்டும். திரும்பப் பெறும் பொறுப்பு உற்பத்தியாளருக்கு உண்டு. கலத்தின்மீது குறுக்குக் கோடிட்ட குப்பைத்தொட்டிப் படம் அச்சிட்டிருப்பதன் பொருளும் இதுவே. ஆகவே அந்நிறுவனத்தின் சேவை நிலையத்திலோ, அனுமதி பெற்ற மின்னணுக் கழிவுச் சேகரிப்பாளரிடமோ கொடுங்கள். உப்பிய கலம் என்பதை முன்னரே சொல்லிக் கொடுங்கள். இத்துறையில் பெங்களூர் பின்தங்கிய நகரமன்று. மின்னணுக் கழிவைப் பிரிக்கும் தொழிலில் முன்னோடியான இ-பரிசரா ஆலை இந்நகரை அடுத்த தாபஸ்பேட்டையிலேயே அமைந்தது. பழைய கலங்களிலுள்ள கோபால்ட்டும் செம்பும் மீட்டெடுக்கத்தக்க செல்வங்கள். மண்ணில் எறிந்தால் அவையே நஞ்சு.

நம்மவரிடையே உள்ள ஒரு வழக்கத்தையும் இங்கே குறிப்பிடவேண்டும். புதிய கைப்பேசி வாங்கியதும் பழையதை ஊரிலுள்ள தாய்க்கோ தம்பிக்கோ கொடுத்தனுப்புகிறோம். அன்பால் செய்வது அது. ஆனால் அனுப்புமுன் அதனை மேசைமீது வைத்து ஒருமுறை பாருங்கள். ஆடுகின்றதா? மூடி தூக்கியிருக்கின்றதா? அங்ஙனமாயின் அதனைப் பேருந்துப் பயணியிடமோ கூரியரிலோ அனுப்பாதீர்கள். பழுதுற்ற லித்தியம் கலங்களை விமானத்தில் ஏற்றவே கூடாது. கண்பார்வை குன்றிய தாய் அவ்வீக்கத்தை அறியார். நீங்கள் அனுப்பியது என்பதால் தலைமாட்டிலேயே வைத்துக்கொள்வார்.

இறுதியாக, வருமுன் காக்கும் வழிகள் சில. கைப்பேசியைத் தலையணையின் கீழும் போர்வைக்குள்ளும் வைத்து மின்னேற்றாதீர்கள். நிறைந்த பின்னும் நாள் முழுதும் இணைப்பிலேயே விடாதீர்கள். 20 விழுக்காட்டுக்கும் 80 விழுக்காட்டுக்கும் இடையே வைத்திருந்தால் கலம் நெடுநாள் உழைக்கும். வெயிலில் நிற்கும் வண்டியில் வைத்துச் செல்லாதீர்கள். பயன்படாத கைப்பேசியைப் பாதியளவு மின்னேற்றி, அணைத்து, குளிர்ந்த இடத்தில் வையுங்கள். மாதம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

இன்றிரவு உறங்குமுன் உங்கள் அலமாரியிலுள்ள பழைய கைப்பேசியை எடுத்து மேசைமீது ஒருமுறை வைத்துப் பாருங்கள். தட்டையாகப் படிந்தால் மகிழ்ச்சி. படியாவிடில் நாளைக் காலையில் முதல் வேலை அதுவாகட்டும்.