துவைத்தாலும் மங்காத வெளிச்சம்

(தருமபுரியில் துப்புரவுத் தொழிலாளர்களும் மாணவர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் பேச வந்தது ஒரு கோட்டைப் பற்றி. ரோட்டு வேலைக்கும் குப்பை அள்ளுவதற்கும் போகிறவர்களுக்கு ஆரஞ்சு நிறத்திலோ பச்சையிலோ வெள்ளிப்பட்டை வைத்துத் தருகிறார்களே, அந்தக் கோட்டு. விடுதலை இயக்க மேடையில் இதென்ன பேச்சு என்று சிலருக்குத் தோன்றலாம். நம்ம ஜனங்களுக்கு உடுப்பு என்றைக்குமே வெறும் உடுப்பாக இருந்ததில்லை. சண்டாளர் பிணத்தின் துணியைத்தான் உடுத்த வேண்டும் என்றது மனு. அந்த நூலை 1927 டிசம்பர் 25இல் மகத்தில் கொளுத்தினார்கள் அம்பேத்கரும் தோழர்களும். எண்பத்தைந்து வருசம் கழித்து, 2012 நவம்பரில், இதே மாவட்டத்தில் நத்தம், கொண்டம்பட்டி, அண்ணா நகர் சேரிகளை எரித்தார்கள். அந்த வருசம் மேடைகளில் பேசப்பட்டது என்ன? ஜீன்ஸ், டி-சர்ட், கூலிங்கிளாஸ். நம்ம பையன்கள் நல்லா உடுத்தினதே குத்தமாப் போச்சு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். திருநெல்வேலிப் பக்கத்துப் புரத வண்ணார்களைப் பற்றி 1932இல் 'இந்து' நாளிதழில் செய்தி வந்தது. தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களின் துணியை வெளுக்கிற அவர்கள் பகலில் வெளியே வரக்கூடாது. அவர்களைக் கண்ணால் பார்த்தாலே தீட்டு. நடுராத்திரிக்கும் விடியலுக்கும் இடையில் வெளுத்து முடிக்க வேண்டும். அன்றைக்குக் 'கண்ணில் படாதே' என்ற சமூகம் இன்றைக்குக் 'கண்ணில் படும்படியான கோட்டை மாட்டிக்கொண்டு வேலைக்கு வா' என்கிறது. சரி, மாட்டுகிறோம். அது நிஜமாகவே கண்ணில் படுகிறதா என்பதுதான் என் கேள்வி.

நம்ம ஊர் வழியாக நாலுவழிச் சாலை போகிறது. தொப்பூர் கணவாய் இறக்கத்தில் லாரிகள் எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியும். மணிக்கு 60 கிலோமீட்டர் என்று வைத்தாலும் ஒரு நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிவிடும். விடியுமுன் ரோட்டோரத்தில் குனிந்து பெருக்குகிற ஒரு அம்மா டிரைவர் கண்ணில் இரண்டு நொடி முன்னால் படுவதா, பின்னால் படுவதா? உயிர் அந்த இரண்டு நொடியில் இருக்கிறது.

அந்த வெள்ளிப்பட்டை எப்படி வேலை செய்கிறது? உற்றுப் பார்த்தால் சாம்பல் நிறத் துணி மாதிரிதான் இருக்கும். அதன்மேல் தலைமயிர் கனத்தில் லட்சக்கணக்கான கண்ணாடி மணிகள் ஒட்டியிருக்கின்றன. ஹெட்லைட் வெளிச்சம் மணிக்குள் வளைந்து போய், முதுகுப்புறத்து அலுமினியப் பூச்சில் பட்டு, வந்த வழியே திரும்புகிறது. அதனால்தான் டிரைவர் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிறது. மணியைத் தாள் ஒன்றில் ஒரே அடுக்காகப் பாதி புதையும்படி பரப்புவார்கள். வெளியே இருக்கிற பாதியில், காற்றை உறிஞ்சி எடுத்த அறைக்குள், அலுமினிய ஆவியைப் படியவைப்பார்கள். அதன்மேல் பிசினைப் பூசித் துணியில் ஒட்டித் தாளை உரிப்பார்கள்.

துவைக்கும்போது இரண்டு இடத்தில் அடி விழுகிறது. ஒன்று, அலுமினியம். சலவை சோடா, காரமான சோப்புத்தூள் எல்லாம் அதைக் கரைக்கும். இரண்டு, பிசின். மட்டமான பிசின் ஊறி இளகிவிடும், கல்லில் அடித்தால், பிரஷ் போட்டால் மணி உதிரும். நல்ல பட்டையில் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று வலைபோலப் பின்னிக்கொள்கிற பிசினைப் போடுகிறார்கள். பாலியூரிதேன் அப்படிப்பட்டது. கண்ணாடியும் பிசினும் விடாமல் பிடித்துக்கொள்ள சிலேன் என்ற ரசாயனத்தைச் சேர்க்கிறார்கள். இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. காசு கொஞ்சம் கூட ஆகும், அவ்வளவுதான்.

இதற்கு அளவுகோலும் இருக்கிறது. ஐ.எஸ்.ஓ. 20471 என்ற 2013ஆம் வருசத்துச் சர்வதேசத் தரத்தின்படி, புதுப்பட்டை ஒளியைத் திருப்புகிற அளவு, நேராக வரும் வெளிச்சத்தில், குறைந்தது 330 இருக்க வேண்டும். லேபிளில் 25 சலவை என்று போட்டிருந்தால், 25 தடவை துவைத்த பிறகும் 100க்குக் கீழே இறங்கக்கூடாது. இந்தியத் தரம் ஐ.எஸ். 15809. மலம் அள்ளும் தொழிலைத் தடைசெய்த 2013ஆம் வருசச் சட்டத்தின் விதிகளில் பாதுகாப்புக் கருவிகளின் பட்டியல் ஒன்று உண்டு. ஒளிதிருப்பும் கோட்டும் அதில் இருக்கிறது. எத்தனை சலவை தாங்க வேண்டும் என்று அந்தப் பட்டியல் சொல்லவில்லை. காண்டிராக்டருக்கு அது போதும். மலிவானதை வாங்கிக் கொடுத்து, போட்டோ எடுத்து, கணக்கை முடித்துவிடுவார்.

வீட்டில் என்ன நடக்கிறது? நம்ம பக்கத்துப் போர்த் தண்ணீர் உப்புத் தண்ணீர், நுரையே வராது. பவுடரை அள்ளிப் போட்டு, பிரஷ் போட்டுத் தேய்த்தால்தான் குப்பை நாற்றம் போகும். துவைக்கத் துவைக்கப் பட்டை செத்துப்போகும். துவைக்காமல் போட்டால், 'பாரு, இவங்க சுத்தமே இப்படித்தான்' என்று டீக்கடையில் தள்ளி நிற்கச் சொல்வார்கள். வெளிச்சம் வேண்டுமானால் அழுக்கோடு இரு, சுத்தம் வேண்டுமானால் இருட்டில் நில் என்று ஒரு மலிவுத் துணி நம்மிடம் சொல்கிறது. சாதியும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது. 'மெதுவா அலசுங்க, நிழல்ல காயப்போடுங்க' என்று அதிகாரிகள் நமக்குப் பாடம் எடுக்கிறார்கள். அலசுகிறோம். ஆனால் குப்பை வேலைக்குக் கொடுக்கிற துணி, குப்பை வேலைக்காரர் துவைக்கிற துவைப்பைத் தாங்க வேண்டாமா?

ஆகவே நாம் கேட்க வேண்டியவை இவை. டெண்டரிலேயே ஐ.எஸ். 15809 என்றும், தாங்க வேண்டிய சலவை எண்ணிக்கை இவ்வளவு என்றும் எழுத வேண்டும். ஆளுக்கு இரண்டு கோட்டு தர வேண்டும். வேலை செய்யும் இடத்திலேயே நிர்வாகச் செலவில் சலவை நடக்க வேண்டும், நம் பெண்கள் தலையில் அதைக் கட்டக்கூடாது. மங்கின கோட்டுக்குச் சம்பளத்தில் பிடிக்காமல் புதுக்கோட்டு தர வேண்டும். ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: எந்தக் கோட்டைக் கொடுத்தாலும் மலக்குழிக்குள் மனிதனை இறக்குவதை நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. ராத்திரி இருட்டில் செல்போன் டார்ச்சைக் கண்ணோரமாகப் பிடித்து, இருபது அடி தள்ளிப் புதுக்கோட்டையும் துவைத்த கோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டுப் பாருங்கள். ஆய்வுக்கூடம் வேண்டாம், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். சேரி சேரியாகப் போய், எத்தனை துவைப்பில் எந்தக் கோட்டு செத்தது என்று தேதி போட்டு எழுதுங்கள். அந்த நோட்டோடு கலெக்டர் ஆபீசுக்கு எல்லாரும் சேர்ந்து போவோம்.

ஜெய்பீம்.